நாணல் தவளையும் நமது பேரேடும்

கணக்கெழுதுவோர்க்கு ஒரு வழக்கமுண்டு. எப்பொருளையும் வரவு, செலவு என்னும் இரண்டு பத்திகளில் ஒன்றிலே அடைப்பர். இரண்டிலும் அடங்காததைக் கணக்கில் இல்லாதது என்று தள்ளிவிடுவர். தோட்டத்து ஆபீசில் கிராணி வேலை பார்த்து வயிறு வளர்க்கும் நாம் இவ்வழக்கத்தைப் பழிக்க வரவில்லை. கணக்கின்றேல் தோட்டம் இல்லை. தோட்டத்தில் உழைப்பவனுக்குக் கூலியும் இல்லை. ஆனால், பேரேட்டோடு நின்றிருக்க வேண்டிய இவ்வழக்கம் மனிதனுடைய மனத்துக்குள்ளும் குடிபுகுந்துவிட்டது. "இதனால் என்ன பிரயோஜனம்?" என்னும் ஒற்றைக் கேள்வியால் உலகத்து உயிர்களையெல்லாம் அளந்து, பிரயோஜனம் இல்லை என்று பட்டவற்றை ஒழிந்தால் ஒழியட்டும் என்று விட்டுவிடுகின்றோம். இது நியாயந்தானா? எவருக்கும் பயன்படாத ஓர் உயிரின்பால் மனிதனுக்குக் கடமை ஏதேனும் உண்டா? இதுவே இங்கு நாம் ஆராயப் புகும் விஷயம்.

இத்தகைய கேள்விகளை அந்தரத்தில் நிறுத்தி வாதிப்பதால் தெளிவு பிறவாது. ஆகையால் ஒரு சிறு பிராணியைக் கண்முன் நிறுத்திக்கொள்வோம்.

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கடற்கரையில், நேட்டால் என்று நம்மவர் நெடுநாளாக அறிந்த நாடு இருக்கின்றது. இன்று அதற்குக் குவாசூலு-நேட்டால் மாகாணம் என்று பெயர். அக்கரையோரத்துச் சதுப்பு நிலங்களில், நாணலும் கோரையும் அடர்ந்த இடங்களில் மட்டும், ஒரு சிறு தவளை வாழ்கின்றது. முற்ற வளர்ந்தாலும் அதன் நீளம் 3 சென்டிமீட்டரை எட்டுவதில்லை. கட்டைவிரலின் மேற்கணுவில் அடங்கிவிடும். ஆண் தவளை பழுப்பு நிறம். அதன் முதுகின் இரு ஓரங்களிலும் வெளிறிய கோடு ஒன்று தலையிலிருந்து நீண்டு செல்லும். அக்கோட்டுக்குக் கரிய கரையும் உண்டு. வளர்ந்த பெண் தவளையோ பெரும்பாலும் கோடின்றி, இளந்தளிர்ப் பச்சையாக இருக்கும். அதன் குரலும் தவளைக் குரல்போல் இராது. பூச்சி இரைவதுபோல் மெலிந்து, விட்டுவிட்டே கேட்கும். முட்டையை நீரில் இடாமல், நீருக்கு மேலே நாணல் இலைகளில் ஒட்டி வைக்கும். பொரிந்த தலைப்பிரட்டைகள் கீழேயுள்ள நீரில் விழுந்து வளரும். ஆதலால் நாணல் இருந்து நீர் இல்லாவிடினும் அதற்கு வாழ்வில்லை. நீர் இருந்து நாணல் இல்லாவிடினும் வாழ்வில்லை.

இப்பிராணிக்கு விஞ்ஞானப் பெயர் சூட்டப்பட்டதே 1982-ஆம் ஆண்டில்தான். பிக்கர்ஸ்கில் என்னும் தவளை ஆராய்ச்சியாளரின் பெயரால் அது பிக்கர்ஸ்கில் நாணல் தவளை என்று வழங்குகின்றது. பெயர் பெற்று முப்பது ஆண்டு நிரம்புமுன்னே, 2010-ல், அழிவின் விளிம்பில் நிற்கும் உயிர்களின் பட்டியலில் அது சேர்ந்துவிட்டது. பின்னர்ச் சில புதிய இடங்களிலும் அது காணப்பட்டமையால் 2016-ல் அப்பட்டியலில் ஒரு படி ஏற்றி வைத்தார்கள். ஆயினும் ஆபத்து நீங்கவில்லை. ஜோகன்னஸ்பர்க் மிருகக்காட்சிச் சாலையில் அதனை வளர்த்துப் பெருக்கிச் சதுப்புகளில் கொண்டுபோய் விடும் முயற்சியும் நடந்தது. இத்தனைக்கும் காரணம் ஒன்றே. கரும்புக்காகவும், காகிதத்துக்கான மரங்களுக்காகவும், வீடுகளுக்காகவும், தொழிற்சாலைகளுக்காகவும் சதுப்புகளில் வடிகால் வெட்டப்பட்டது. நீர் வடிந்தது, நாணல் போயிற்று, நாணலோடு தவளையும் போகலாயிற்று.

கரும்பு என்றவுடனே நமது செவி கூர்மையடைகின்றது. 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள், ட்ரூரோ என்னும் கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு டர்பன் துறைமுகம் சேர்ந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற முதற் கூட்டம் அது. 1911-ல் அம்முறை நிறுத்தப்படும்வரை ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் நேட்டாலுக்குச் சென்றனர். அவர்களில் பெரும்பாலோர் சென்னை வழியாகச் சென்றவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுக்கப்பட்டது. ஊர், தகப்பன் பெயர், உடலிலுள்ள அடையாளம் எல்லாம் பதிவேட்டில் ஏறின. அதே காலங்களில் நம் முன்னோர் பலரும் கடல் கடந்து சிலாங்கூருக்கு வந்தனர். ஆகவே நேட்டாலின் வரலாறு நமக்கு அந்நியமன்று. அங்கே கரும்பு, இங்கே பால்மரமும் செம்பனையும். வடிகால் மட்டும் இரண்டு நாட்டிலும் ஒன்றே.

நிற்க. இனிக் கேள்விக்கு வருவோம். அந்த நாணல் தவளையால் யாருக்கு என்ன பயன்?

உயிர்களுக்காகப் பரிந்து பேசுவோர் பெரும்பாலும் இக்கேள்விக்கு நேராகவே விடை சொல்லப் புகுவர். தவளை பூச்சிகளைத் தின்கின்றது. ஆகவே உழவனுக்கு நண்பன் என்பர். இது பொய்யன்று. இந்தியாவில் பெருந்தவளைகளைப் பிடித்துக் காலை வெட்டி அயல்நாட்டு விருந்துகளுக்கு ஏற்றுமதி செய்யும் வியாபாரம் பல ஆண்டுகள் நடந்தது. வயல்களில் தவளை குறையப் பூச்சி பெருகும் என்ற அச்சம் எழுந்து, 1987-ல் அவ்வேற்றுமதி தடை செய்யப்பட்டது. மழை வேண்டித் தவளைக்குக் கல்யாணம் செய்து வைப்போர்கூட ஒரு வகையில் பயன்வாதிகளே. மழை என்னும் கூலிக்காகவே தவளைக்கு மாலை சூட்டுகின்றனர்.

இன்று பயனற்றதாகத் தோன்றுவது நாளைக்குப் பயன்படலாமே என்று வாதிப்போரும் உளர். இதற்கு நமது தோட்டங்களிலேயே ஒரு சான்று உண்டு. செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவின் மரம். வியாபாரத்துக்காக இந்நாட்டில் அது முதன்முதல் பயிரிடப்பட்டது கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில், 1917-ஆம் ஆண்டில். மரம் கப்பலேறி வந்தது; அதன் பூவுக்கு மகரந்தம் சுமக்கும் வண்டு கூட வரவில்லை. ஆகவே பல தோட்டங்களில் தொழிலாளரே மரம் மரமாகச் சென்று மகரந்தப் பொடியைப் பூக்களில் தூவ வேண்டியிருந்தது. 1981-ல்தான் காமரூன் நாட்டிலிருந்து அவ்வண்டு வருவிக்கப்பட்டு இங்கே விடப்பட்டது. எள்ளினும் சற்றே பெரிதான அந்த வண்டு, அத்தனை கைகளும் செய்துவந்த வேலையைத் தானே செய்யத் தொடங்கியது. ஆப்பிரிக்கக் காட்டில் யாரேனும் அதனைப் பார்த்து, "இதனால் என்ன பயன்?" என்று கேட்டு நசுக்கியிருந்தால், தாம் நசுக்குவது இன்னது என்று அவருக்குத் தெரிந்திராது.

இவ்வாதங்கள் வலியவையே. ஆயினும் போதா. ஏனெனில், இவை பேரேட்டை மறுக்கவில்லை. பேரேட்டில் ஒரு புதிய வரவை எழுதுகின்றன, அவ்வளவே. வண்டு பயன்பட்டது, ஆகவே பிழைத்தது. பயன்படாதது? நேட்டாலின் நாணல் தவளை தின்னும் பூச்சியை வேறு தவளைகளும் தின்னும். நாளைக்கே அது அடியோடு மறைந்தாலும் டர்பன் கடைத்தெருவில் சர்க்கரை விலை ஒரு காசும் ஏறாது, இறங்காது. அப்படியாயின் அது மறையலாமா? பயன் ஒன்றையே துணையாகக் கொண்டு வாதிப்பவர் இக்கேள்வி எழுந்தவுடன் வாய்மூட வேண்டியவராகின்றார்.

வேறு சிலர் இரக்கத்தைத் துணைக்கழைப்பர். வாயில்லா ஜீவன்மேல் இரக்கம் காட்டுவது நம் மரபு என்பர். இரக்கம் உயர்ந்த குணம், அதனை மறுப்பாரில்லை. ஆனால் அது கொடுப்பவனுடைய மனநிலையைப் பொறுத்தது. இன்று உண்டு, நாளை இல்லை. நம் பாட்டன்மாருக்கும் இரக்கமுள்ள துரைமார் வாய்த்ததுண்டு. தீபாவளிக்கு ஆடும் துணியும் கொடுத்தனர். அத்தயவால் தொழிலாளிக்கு உரிமை என்று ஒன்று பிறந்ததா? பிறக்கவில்லை. உரிமை வேறு வழியாகவே வரவேண்டியிருந்தது. தவளைக்கும் அப்படியே. நாம் தேடுவது தயவன்று, நியாயம்.

அந்த நியாயத்தை எங்கே காண்பது? "இதனால் என்ன பயன்?" என்னும் கேள்வியையே சற்று உற்று நோக்குவோம். அதில் ஒரு சொல் மறைக்கப்பட்டிருக்கின்றது. யாருக்குப் பயன்? என்பதே அது. உடையவன் பெயர் இல்லாத பேரேடு உலகில் இல்லை. மேலட்டையில் ஒரு பெயர் எழுதியே இருக்கும். உள்ளே எழுதப்பட்ட வரவெல்லாம் அவனுக்கு வரவு. செலவெல்லாம் அவனுக்குச் செலவு. மேலட்டையை மறைத்துவிட்டு உள்ளேட்டை மட்டும் காட்டி, இதுவே உலகத்தின் கணக்கு என்று சொன்னால் அது மோசடி. நாணல் தவளையின் வாழ்வு கரும்புத் தோட்டக்காரருக்குப் பயன்படவில்லை, மெய். ஆனால் அத்தவளைக்குப் பயன்படுகின்றதே! அது நீரை நாடுகின்றது, பாம்பைக் கண்டால் பதுங்குகின்றது, துணையை அழைக்கின்றது, வெள்ளம் அடித்துச் செல்லாத இடம் பார்த்து முட்டையை ஒட்டி வைக்கின்றது. தன் வாழ்வு தனக்கு வேண்டும் என்பதை இவற்றைவிடத் தெளிவாக ஒரு பிராணி எவ்வாறு சொல்ல முடியும்? நமக்குப் பயனில்லை என்பதனால் பயனே இல்லை என்றாகாது.

தொல்காப்பியர் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்து, ஆறாவதாகிய மனத்தை மனிதனுக்கு உரித்தாக்கினார். அந்த ஆறாவது அறிவைப் பெருமைக்குரிய பட்டமாகவே நாம் கொண்டாடிவந்திருக்கின்றோம். அது பட்டமன்று, பொறுப்பு. பாம்பு தவளையை விழுங்கும்போது, இவ்வினத்தில் இன்னும் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று எண்ண அதனால் முடியாது. மனிதனால் முடியும். எண்ண முடிந்தவன் எண்ணாமற் போனால், அவனைப் பாம்போடு வைத்துப் பேசுவதுகூடப் பாம்புக்கு இழுக்கு.

இதனைத் தோட்டத்துத் தமிழர் மற்றெவரினும் எளிதில் உணர்தல் வேண்டும். நம்மையும் இப்பேரேடு அளந்திருக்கின்றது. பிரட்டில் நிற்கும்போது இத்தனை ஆள். செக்ரோலில் இத்தனை நாள். அதற்கு மேல் நாம் யார் என்று பேரேடு கேட்டதில்லை. பால்மரங்களை வெட்டிவிட்டுத் தோட்டங்கள் விற்கப்பட்டபோதும், மரம் சீவிய குடும்பங்கள் மூன்று தலைமுறை வாழ்ந்த லயங்களைக் காலி செய்தபோதும் எழுந்தது அதே கேள்விதான்: இனி இவர்களால் என்ன பயன்? இன்று குலை வெட்டும் வேலைக்கு வங்காள தேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வருவோரை அதே ஏடு, அதே பத்தியில் எழுதிக்கொள்கின்றது.

இன்னும் நெருங்கிய சான்று ஒன்று கூறுவோம். பாராகுவாட் என்னும் களைக்கொல்லி நம் தோட்டங்களில் நெடுங்காலம் அடிக்கப்பட்டது. முதுகில் தொட்டியைச் சுமந்து அதை அடித்தவர்களில் மிகப் பலர் நம் பெண்கள். கொடிய நஞ்சு என்று கண்டு 2002-ல் அரசாங்கம் அதனைத் தடுத்தது. 2006-ல் தடை தளர்ந்தது. 2020 தொடங்கியபோதுதான் முற்றத் தடை வந்தது. தவளையின் தோல் மெல்லியது. நீரையும் காற்றையும் அதன் வழியே உட்கொள்வது. ஆகவே நீரில் கலந்த நஞ்சும் அவ்வழியே புகும். வடிகாலோரத்தில் தெளித்த மருந்து ஓரத்துப் புல்லின்மேலும் விழுந்தது, அங்கே பதுங்கிய தவளையின்மேலும் விழுந்தது, தெளித்தவளுடைய கையின்மேலும் விழுந்தது. பேரேட்டில் மருந்தின் விலைக்கு இடம் இருந்தது; அடித்தவளின் நாட்கூலிக்கு இடம் இருந்தது. கைக்கும் இடம் இல்லை. தவளைக்கும் இடம் இல்லை. ஒன்றைக் காணாத கண் மற்றொன்றையும் காணவில்லை. இது தற்செயல் என்று நாம் கருதவில்லை.

இங்கே ஒரு மெய்யான தடை குறுக்கிடுகின்றது. அதனை மறைத்துப் பேசுவது நேர்மையன்று. வடிகால் என்பது பேராசையின் கருவி மாத்திரமன்று. அது உயிர் காத்ததும் உண்டு. இந்நாட்டுத் தோட்டங்களில் மலைக்காய்ச்சலால் நம்மவர் கொத்துக்கொத்தாக மடிந்த காலம் இருந்தது. 1901-ல் கிள்ளானில் வைத்திய அதிகாரியாக இருந்த மால்கம் வாட்சன், சதுப்புகளை வடிக்கவும் சுற்றியிருந்த காட்டை வெட்டவும் ஏற்பாடு செய்தார், காய்ச்சல் தணிந்தது. அச்சதுப்புகளிலும் தவளைகள் வாழ்ந்திருக்கும். அவற்றுக்காகக் கூலிகள் சாகட்டும் என்று விட்டிருக்க வேண்டுமா? ஒருக்காலும் இல்லை. அப்படிச் சொல்பவர் நமக்கு உடன்பாடானவர் அல்லர்.

ஆனால் அக்கதை அங்கே முடியவில்லை. அதே மருந்தை மலையடிவாரத் தோட்டங்களிலும் பிரயோகித்தபோது காய்ச்சல் தணியவில்லை. சில இடங்களில் ஓங்கவும் செய்தது. கடலோரத்தில் நோயைப் பரப்பிய கொசு, நிழலில் தேங்கிய நீரில் முட்டையிடுவது. மலையோரத்துக் கொசுவோ வெயில் படும் தெளிந்த ஓடையில் முட்டையிடுவது. காட்டை வெட்டியதால் முன்னதன் வாழ்வு போயிற்று. பின்னதற்கு வாழ்வு வந்தது. கலும்பாங்கைப்போல் மலையடியில் உள்ள ஊர்களுக்கு இது வேடிக்கைக் கதையன்று. எந்தக் கொசு, எந்த நீரில், எந்த வெளிச்சத்தில் என்று நுணுகி அறிந்த பிறகே வழி பிறந்தது. எல்லா நீரும் பகை, எல்லாக் காடும் பகை என்று எண்ணியவரை மனிதனுக்கே கேடு விளைந்தது. சிற்றுயிரை உள்ளபடி அறிதல் அதற்குச் செய்யும் உபகாரம் மாத்திரமன்று. மனிதன் பிழைப்பதற்கும் அதுவே வழி.

இவற்றிலிருந்து நாம் காணும் முறை இது. மனிதனுடைய உயிருக்கும் உடலுக்கும் இன்றியமையாத தேவை நேர்ந்தால் சதுப்பை வடிக்கலாம், கொசுவை ஒழிக்கலாம், அதில் குற்றமில்லை. ஆனால் தேவை என்பதை மெய்ப்பிக்க வேண்டியவன் அழிப்பவனே. தான் பயனுள்ளவன் என்று தவளை வந்து சாட்சி சொல்ல வேண்டியதில்லை. இலாபம் வேறு, தேவை வேறு. இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கக் கூடாது. அழிக்குமுன் அங்கே எது வாழ்கின்றது என்று பார்த்தறிதல் வேண்டும். ஒரு தவளை சாவதற்கும் ஓர் இனம் அற்றுப்போவதற்கும் உள்ள பேதத்தையும் மறத்தலாகாது. கணக்கில் பிழை நேர்ந்தால் அடித்துத் திருத்தி எழுதலாம். அடுத்த மாதம் ஈடு கட்டலாம். அற்றுப்போன இனத்துக்கு அடுத்த மாதம் என்பதில்லை. 8,000-க்கு மேற்பட்ட இனங்களை ஆராய்ந்து 2023-ல் வெளியான உலகக் கணக்குப்படி, தவளை முதலிய நீர்நில வாழ்வனவற்றில் 5-ல் 2 பங்கு இனங்கள் அழிவை நோக்கி நிற்கின்றன. இத்தொகையைப் படித்துவிட்டு மறுபக்கம் புரட்டுவது எளிது. ஒவ்வோர் இனத்துக்கும் நேட்டால் தவளையைப்போல ஒரு நிறமும், ஒரு குரலும், முட்டையிடும் ஓர் இலையும் உண்டு என்று நினைத்துப் படிப்பதோ கடினம்.

"வீடில்லாத தமிழன் இருக்கும்போது தவளைக்கு என்ன வக்காலத்து?" என்று நம்மை மறுப்போர் இருப்பர். அவர்களுடைய கோபம் நியாயமானது. ஆனால் குறி தவறியது. லயத்தை இடித்தவன் தவளைக்காக இடிக்கவில்லை. நாணலை அழித்தவன் ஏழைக்கு வீடு கட்டவும் அழிக்கவில்லை. இரண்டையும் செய்தது ஒரே பேரேடு. பயனற்றதை ஒழிக்கலாம் என்னும் விதியைத் தவளையின் விஷயத்தில் நாம் ஒப்புக்கொண்டால், அவ்விதி நம் வாசலுக்கு வரும்போது எந்த வாயால் மறுப்போம்? தவளை தன் வாயால் கெடும் என்பது பழமொழி. நாமும் அவ்வாறே கெடுதல் வேண்டா.

நம்மவர் கிணற்றுத் தவளை என்று ஏசுவர். மலாய்க்காரர் தேங்காய்ச் சிரட்டையின் கீழ் இருக்கும் தவளை என்பர். இரு மொழியிலும் குறுகிய அறிவுக்குத் தவளையே உவமை. நன்னூலாரோ, ஒரு சூத்திரம் இடையிலுள்ளதைக் கடந்து அப்பாலுள்ளதோடு சென்று பொருந்துவதற்குத் தவளைப் பாய்த்து என்று பெயர் வழங்கினார். தவளை தாவுவதை நின்று கவனித்தவர்க்கே அவ்வுவமை தோன்றும். அக்கவனம் நமக்கும் வேண்டும்.

அதற்கு ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. கோலசிலாங்கூர்ப் பக்கத்துக் கழிமுகத்தில், உவர்நீரையும் தாங்கி வாழும் தவளை உண்டு. அத்தகைய ஆற்றல் உலகத் தவளைகளில் மிகச் சிலவற்றுக்கே வாய்த்தது. கலும்பாங் தோட்டங்களில், முதுகில் நான்கு கோடு ஓடும் மரத்தவளை வீட்டுச் சுவரிலும் வாழையிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். நீருக்கு மேலே நுரையால் கூடு கட்டி முட்டையிடும். டெங்குக் கொசுவுக்கு அஞ்சி வாளியிலும் பழைய டயரிலும் தேங்கிய நீரைக் கொட்டுகின்றோம். அது தேவை, கொட்டத்தான் வேண்டும். ஆனால் பள்ளத்தின் அடியில் ஓடும் நீரோடையின் இரு கரையையும், பார்வைக்குச் சுத்தமாக இருக்கட்டும் என்று மருந்தடித்துக் கருக்குவது தேவையன்று, வெறும் வழக்கம். ஆற்றோரத்தில் சில முழம் புதரை விட்டுவைக்க வேண்டும் என்று எண்ணெய் வாங்குவோர் இக்காலத்தில் நிபந்தனை விதிக்கின்றனர். அதற்காகச் சில தோட்டங்கள் விட்டுவைக்கின்றன. வாங்குவோன் கேட்டதற்காக விட்டது, அவன் கேட்பதை நிறுத்தினால் போய்விடும். நியாயம் என்று அறிந்து விட்டதே நிற்கும்.

வேலியோர வடிகாலைத் தூர்க்குமுன் ஒரு மாலைப்பொழுது அதன் கரையில் நின்று, அங்கே எத்தனை குரல் கேட்கின்றது என்று கேளுங்கள். பிள்ளைகளையும் அழைத்துச் சென்று கேட்கச் செய்யுங்கள். கேட்ட பின்னும் தூர்க்க வேண்டியிருந்தால், இன்ன காரணத்துக்காகத் தூர்க்கின்றோம் என்று அப்பிள்ளைகளிடம் சொல்லக் கூடியவர்களாக இருங்கள். அவ்வாறு சொல்ல நாக்கூசுமாயின், அது தேவையன்று என்று தெளிந்து மண்வெட்டியைக் கீழே வைத்துவிடுங்கள்.